வீட்டில் சிந்துவது கிணற்றில் சேரும்

சுற்றாடலைப் பாதுகாப்போம் என்ற வாசகத்தை இன்று பாடசாலைச் சுவர்களிலும் அரச அலுவலகங்களிலும் காண்கிறோம். காடு, ஆறு, வானம் என்று பெரிய விடயங்களைப் பற்றியே அது பேசுகிறது. அதை வாசிக்கும்போது, இது யாரோ பெரியவர்கள் கவனிக்க வேண்டிய காரியம், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றுவது இயல்பு. காணியை இழந்து, வீட்டை இழந்து, வந்த இடத்தில் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடும் குடும்பங்களுக்குச் சுற்றாடலைப் பற்றிச் சொல்வது பொருந்துமா என்றும் சிலர் கேட்கலாம்.

பொருந்தும் என்றே நாம் நினைக்கிறோம். ஏனெனில் உச்சமுனையிலிருந்து நுரைச்சோலை வரை நீளும் இந்தக் கரையில் சுற்றாடல் என்பது எங்கோ இருக்கும் காடு அல்ல. நமது வளவில் இருக்கும் கிணறுதான் அது. அந்தக் கிணறு இனிப்பதும் கரிப்பதும், அதைக் குடிக்கும் பிள்ளை சுகமாக இருப்பதும் நோயில் விழுவதும் நாம் வீட்டில் அன்றாடம் செய்யும் சிறு காரியங்களோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

மணலுக்குக் கீழே

உச்சமுனையின் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. இரண்டுக்கும் நடுவே கிடப்பது மெல்லிய மணல்திட்டு. இங்கே ஆறு இல்லை, குளம் இல்லை. அப்படியானால் மணலைத் தோண்டியதும் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி? அது கடல்நீர் வடிந்து வந்ததும் அல்ல, மலையிலிருந்து ஓடி வந்ததும் அல்ல. அந்த இடத்திலேயே பெய்த மழைதான் அது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னை விடப் பாரமான உப்புநீரின் மேல், பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல் மிதந்து நிற்கிறது. கற்பிட்டி அரைத்தீவு முழுவதிலும் மணற்பாங்கான இடங்களில் இதுவே நிலைமை.

வன்னியிலும் மன்னாரின் வயல்பகுதிகளிலும் வாழ்ந்த நமக்கு இந்த மண் புதிது. அங்கே களிமண். வாளித் தண்ணீரை ஊற்றினால் தேங்கி நிற்கும். அழுக்கு கண்ணுக்குத் தெரியும். இங்கே ஊற்றினால் கணப்பொழுதில் மறைந்துவிடும். மறைந்ததைப் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அது போகவில்லை. பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே நாம் குடிக்கும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. மணல் சல்லடை போன்றது. தடித்ததை மேலே நிறுத்தும். கரைந்ததைக் கீழே அனுப்பிவிடும்.

ஆழம் தோண்டினால் நல்லதா?

தண்ணீர் குறைந்தால் கிணற்றை ஆழமாக்கு என்பது நமது ஊர் வழக்கம். களிமண்ணிலும் கற்பாறையிலும் அது சரி. இங்கே அது ஆபத்து. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்று நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டுச் சொன்னார்கள். உப்புநீருக்கும் நல்ல தண்ணீருக்கும் உள்ள பார வித்தியாசத்திலிருந்து வந்த கணக்கு அது.

இதை மறுபக்கமாகப் பார்த்தால்தான் நமக்குரிய பாடம் தெரியும். இடைவிடாது இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கில் 40 அடி வரை மேலே வர இடம் கொடுக்கிறோம். ஏறிய உப்பு இலகுவில் இறங்காது. பல மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இங்கே ஆழமான ஒரு கிணற்றை விட ஆழமற்ற இரண்டு கிணறுகள் மேல். மோட்டாரை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட விடுவதை விடக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து இறைப்பது மேல். நேர் வெயிலில் மணலுக்கு இறைக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகவும் ஆழத்துக்கும் போய்விடுகிறது. காலையிலும் மாலையிலும் பூவாளியால் பயிரின் அடிக்கு ஊற்றினால் அதே பயிருக்கு மிகக் குறைந்த தண்ணீரே போதும்.

மலசலகூடம் எங்கே இருக்க வேண்டும்?

முகாம் வாழ்க்கையில் இடம் இருந்த பக்கம் கொட்டில் போட்டோம். மிஞ்சிய மூலையில் குழி தோண்டினோம். அன்றைய அவசரத்தில் வேறு வழி இருக்கவில்லை. வீடு கட்டி நிலைத்தவர்கள் இப்போது அதை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லி வருகிறார்கள். அனர்த்த காலங்களில் முகாம் அமைப்போருக்கான உலக நியமங்கள் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி என்கின்றன. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஒன்றரை மீற்றர் காய்ந்த மண் இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இந்த மணலில் மாரிகாலத்தில் நீர்மட்டம் மேலே ஏறிவிடும். எனவே குழியை ஆழமாக்காமல், மேடை கட்டி மலசலகூடத்தை உயர்த்துவதே பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய மணல்திட்டுகளில் நிலத்தடி நீர் பொதுவாக நடுப்பகுதியில் உயர்ந்தும் கரைப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். அது நடுவிலிருந்து கடலையோ களப்பையோ நோக்கி மெல்ல நகரும். ஆகையால் கிணறு நடுப்பக்கமும் மலசலகூடம் கரைப்பக்கமும் இருப்பது நல்லது. நமது குழி நமது கிணற்றுக்குத் தூரமாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு யூரியா மூட்டையின் கணக்கு

கற்பிட்டி மணலில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை என்று பல போகங்கள் செய்கை நடக்கிறது. நம்மில் பலர் அந்தத் தோட்டங்களில் குத்தகைக்குச் செய்தோம், கூலிக்கும் நின்றோம். வெறும் மணலில் பயிர் வளர்ப்பதற்குப் பசளையை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. தண்ணீரும் நிறைய இறைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேரும்போது பசளை பயிருக்குப் போவதை விடக் கிணற்றுக்கு வேகமாகப் போய்விடுகிறது. தோட்டச் செய்கை நடக்கும் இடங்களின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளும் அதையே உறுதிப்படுத்தின.

கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதில் பாதி பயிருக்குச் சேராமல் மணலுக்குள் இறங்கினால், அது ஏறத்தாழ 51 கிலோ நைத்திரேற்றாக மாறும். குடிநீரில் ஒரு லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அப்படியானால் அந்த 51 கிலோ, பத்து லட்சம் லீட்டர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதுமானது. ஐந்து பேருள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீட்டர் எடுத்தால், பத்து லட்சம் லீட்டர் நூறு வருடங்களுக்கு மேல் வரும். ஒரு மூட்டையின் பாதிக்குத்தான் இந்தக் கணக்கு!

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தெளிந்த தண்ணீரில்தான் அது இருக்கும். மூன்று மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் அது அளவுக்கு மீறியிருந்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். இதனால் குழந்தைகள் இறந்ததும் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரிதானே என்று தாய்மார் எண்ணலாம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எனவே ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பது இந்தக் கரையில் இரட்டைப் பாதுகாப்பு. புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டுமானால், தோட்டக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, பரிசோதித்த தண்ணீரையோ சுத்தமாகச் சேர்த்த மழைநீரையோ கொதிக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் பசளையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டதும், விளைச்சல் விழுந்து விவசாயிகள் தெருவுக்கு வந்ததும், நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டதும் நமக்குத் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஆனால் ஒரே தடவையில் கொட்டும் பசளையை நாலு தடவையாகப் பிரித்துப் போடலாம். பெருமழைக்கு முன் போடாமல் விடலாம். மருந்து அடித்த தாங்கியைக் கிணற்றடியில் கழுவாமல் தோட்டத்தின் தூரத்து மூலையில் கழுவலாம். மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ எடுக்காமல் இருக்கலாம். இவற்றுக்குக் காசு செலவில்லை.

மணலைப் பிடித்து வைக்கும் தோட்டம்

வீட்டுத்தோட்டத்துக்கோ யூரியா தேவையே இல்லை. மணலுக்குக் குறைவாக இருப்பது தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் சக்திதான். அந்தச் சக்தியைக் குப்பையிலிருந்தே கொடுக்கலாம்.

இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் தென்னம் பொச்சைப் பரப்பி, அதன்மேல் குழை, சாணம், சாம்பல், சமையல் கழிவு என்று அடுக்கி மணலால் மூடினால், சில வாரங்களில் நடுகைக்குத் தயாராகிவிடும். பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துப் பயிருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். தென்னந்தோட்டங்களில் பொச்சைப் புதைப்பதும் இதற்காகத்தான். குழை தாழ்ப்பது யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னாருக்கும் பழக்கமான வேலை. வேலியில் பூவரசும் கிளிசரியாவும் நின்றால் குழைக்கு வெளியே போக வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கும் சாதாழையை ஒரு மழையில் உப்புக் கழுவ விட்டுப் பின் சேர்க்கலாம்.

பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கிணற்றடியில் தேங்க விடாமல் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாசிக்கும் விட்டால், தண்ணீருக்கும் வேலை, வாழைக்கும் பசளை. கீரை, கத்தரி, முருங்கை, பயற்றங்கொடி என்று நாலு பாத்தி இருந்தால் கறிக்குச் சந்தையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பழைய மின்கலம், மருந்துப் போத்தல் போன்றவற்றைக் குழியில் புதைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். மணலில் புதைப்பது கிணற்றில் போடுவதற்குச் சமம்.

கூரையில் விழும் கிணறு

கிணறு ஏற்கெனவே கரித்துவிட்டால் என்ன செய்வது? ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை ஓட்டிலும் தகட்டிலும் விழுந்து வீணே ஓடுகிறது. 20 அடிக்கு 20 அடி கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 900 லீட்டருக்கு மேல் தண்ணீர் விழும். சிந்தியது போக 700 லீட்டராவது மிஞ்சும். 5000 லீட்டர் தாங்கி ஒன்று நிறைவதற்கு அப்படி ஏழெட்டு மழை போதும். நாளுக்கு 25 லீட்டர் வீதம் அது 200 நாட்களுக்கு வரும்.

கம்பிவலையும் சீமெந்தும் கொண்டு கட்டும் இத்தகைய தாங்கிகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையின் பல கிராமங்களில் பயன்பட்டு வருகின்றன. தாங்கி கட்ட வசதியில்லாதவர்கள் ஒரு பீலியும் மூடியுள்ள இரண்டு பீப்பாய்களும் கொண்டு தொடங்கலாம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். தாங்கியின் வாயை நுளம்பு புகாதபடி வலையால் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு டெங்கும் வரும். குடிப்பதற்கு முன் கொதிக்க வைக்க வேண்டும். கிடுகுக் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்காமல் தோட்டத்துக்கும் கழுவுவதற்கும் எடுக்கலாம்.

அடுப்பும் கண்டலும்

2022இல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் பல வீடுகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. விறகு என்றதும் களப்போரத்துக் கண்டல்மேல் கண் போகிறது. ஆனால் இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது கண்டல் வேர்களுக்கிடையில்தான். புத்தளம் மாவட்டத்தில் 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் அழிக்கப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன. கண்டலும் போய் இறாலும் போன அந்த வெற்றுக் குளங்களை இன்றும் காணலாம். 2015இல் சிலாபம் பம்பளையைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற அமைப்பு, கண்டலைக் காக்கும் கிராமங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விறகு பொறுக்கப் போகும் பெண்களை விலக்கிவிட்டுக் கண்டலைக் காக்க முடியாது என்பதை அத்திட்டம் உணர்ந்திருந்தது.

வீட்டிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. மூன்று கல் அடுப்பில் நெருப்பின் பெரும்பகுதி காற்றோடு போகிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து நாட்டில் பரவிய அனகி மண் அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம்; ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகு மிச்சமாகும், புகையும் குறையும். விறகைக் காய வைத்துச் சிறிதாகப் பிளந்து எரிப்பதும், கடலையையும் பயற்றையும் முதல் நாளே ஊறப் போடுவதும், பானையை மூடிச் சமைப்பதும் பாட்டிமார் செய்தவைதாம். மட்டை, கொக்கரை, பன்னாடை, சிரட்டை, ஊமல் எல்லாம் எரிக்க உதவும். பொச்சைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இது நமது காணியல்லவே?

இவ்வளவும் சொன்ன பிறகு எழும் கேள்வி இது: நாளைக்குத் திரும்பிப் போகப் போகிறவர்கள் வந்த இடத்தில் மரம் நடுவது எதற்கு? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் படகில் கற்பிட்டியில் இறங்கினார்கள். போரின் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்க் குடும்பங்களும் ஊர்விட்டு ஊர் வந்தன. நாளைக்கு நாளைக்கு என்றே வருடங்கள் போயின. 2009இல் போர் முடிந்த பின் சிலர் திரும்பினார்கள். சிலர் இங்கேயே இருக்கிறார்கள். சிலருக்கு இரண்டு ஊரிலும் கால். அன்று கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். அத்தோடு, வந்தவர்களுக்குத் தமது கிணற்றைத் திறந்துவிட்டவர்கள் இந்த ஊர் மக்கள். கூட்டம் பெருகத் தண்ணீர் குறைந்து, அதனால் மனக்கசப்பு வந்ததும் உண்மையே. கிணற்றைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு. தென்னை நடத் தயக்கமாக இருந்தால் ஆறு மாதத்தில் காய்க்கும் பயிரை நடுவோம். திரும்பிப் போகும்போது விதையும் அனுபவமும் நம்மோடு வரும்.

வாளிக்கும் மோட்டாருக்கும்

நாம் ஒரு வாளி மிச்சம் பிடிக்க, பெருந்தோட்டங்களும் விடுதிகளும் இரவு பகலாக இறைத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டத்தில் பெயர் குறிக்கப்பட்ட 14 தீவுகளில் உச்சமுனையும் ஒன்று. வீட்டுச் சிக்கனம் மட்டும் அந்த மோட்டார்களை நிறுத்தாது. ஆனால் தன் கிணற்றை அறிந்த ஊர்தான் அதைப் பற்றிக் கேட்கவும் முடியும்.

மாதம் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதுவோம். எந்த மாதத்தில் கரிக்கிறது என்று குறிப்போம். வருடம் ஒருமுறை பத்து வீடுகள் சேர்ந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மூலமோ தண்ணீரைப் பரிசோதிக்கக் கேட்போம். நைத்திரேற்றையும் பார்க்கும்படி சொல்வோம். அந்தக் கொப்பியோடு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் போய் நிற்கும் பெண்கள் சங்கத்தை எவரும் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது.

இந்த மாதத்திலேயே தொடங்கலாம். முதலில் நமது கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளப்போம். அடுத்து, கிணற்றடியில் தேங்கும் தண்ணீரை வாழைக்குத் திருப்புவோம். மாரி தொடங்குமுன் கூரைக்கு ஒரு பீலி கட்டுவோம். மணலில் ஊற்றுவது எதுவும் போய்விடுவதில்லை. மாலையில் அதையே வாளியில் மொண்டு நமது பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பேசிக்கொள்வோம்.